ஒரு பிணத்துக்கு ஓர் ஆள்

இந்த ஊர் ஜெபவீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் உள்ளே வருமுன் தங்கள் அரிவாளைக் கூரை ஓலைக்குள் செருகிவிட்டு வருகிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் கோயில் வாசலில் குடைகள் சாத்தியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன். முதல் ஞாயிறு ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தபோது வாசலுக்கு மேலே வரிசையாக அரிவாள்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஞானமுத்து என்பவரிடம், "இது ஏன் அண்ணை இஞ்சை?" என்று கேட்டேன். "பயப்படாதீங்கய்யா, யாரும் எடுக்க மாட்டாவ. அவனவன் அரிவா அவனவனுக்குத் தெரியும்" என்றார். நான் களவுக்குப் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

என்னோடு படித்தவர்கள் எல்லோரும் மலாயாவுக்குப் போய் ரயில் நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மாத்திரம் மிஷனார் கேட்டார்கள் என்று, சேரன்மாதேவிக்கு மேற்கே தாமிரபரணிக் கால்வாய் ஓரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தேன். வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறன்று அதே கூரையின் கீழ் ஜெபம். மலாயாவிலிருந்து இதை வாசிக்கும் நண்பர்கள், "தமிழ் பேசும் ஊருக்குப் போய்விட்டு அதையும் பரதேசம் என்கிறானே" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். மலாய்க்காரன் உங்களைப் பார்த்து முகம் சுளித்தால் அவன் கோபமாக இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஒருவன் இன்னொருவனை "ஏலே, செத்த மூதி, ஒன்னைய வெட்டிப் பொலி போட்டுருவேன்" என்று தெரு அதிரக் கத்துகிறான். என்னவென்று ஓடிப்போய்ப் பார்த்தால், சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். நான் வந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவர், "சிலோனா? அது ராவணன் ஊருல்லா. ஒங்க ஆளுகளுக்குக் கோவம் கூடவோ?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். அவர் அன்று காலையில்தான் தன் மச்சினனின் பல்லைத் தட்டியிருந்தார்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தகப்பன் ஒரு கையில் பிள்ளையின் காதையும் மறு கையில் புளியம் விளாரையும் பிடித்துக்கொண்டு வருவான். "கண்ணு ரெண்டையும் விட்டுருங்கய்யா. மத்ததெல்லாம் ஒங்களுக்கு" என்று இரண்டையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவான். நான் அடிக்காவிட்டால் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்று பேச்சு. அடித்தால் பிள்ளையின் தாய் வெளியே நின்று அழுவாள். அழுதுகொண்டே, "இன்னும் ரெண்டு குடுங்க" என்பாள். எனக்கு இந்த ஊரின் மேல் கோபம் வராத நாள் கிடையாது, இவர்கள் கொண்டுவந்து தரும் கஞ்சியும் துவையலும் இறங்காத நாளும் கிடையாது.

ஆற்றை நான் இங்கே வந்துதான் பார்த்தேன். நம் ஊரில் ஏது ஆறு? கிணறும் துலாவும்தான். தகப்பனார் துலாவில் ஏறி மிதிக்க, தாயார் பட்டையைப் பிடித்து இறைக்க, ஒரு வாழைக்குத் தண்ணீர் விடுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அதனால் தண்ணீர் தானாக ஓடி வருவதைக் கண்டபோது இந்த மக்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! இறைத்தெடுக்கும் தண்ணீர் இறைப்பவனுடையது. ஓடிவரும் தண்ணீரோ யாருக்குத் தைரியம் இருக்கிறதோ அவனுடையது. நாம் ஒரு முழ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, கோர்ட்டில் வாதாடும் அப்புக்காத்துமாரை வாழவைப்போம். இங்கே வெயில் ஏறுமுன் காரியம் முடிந்துவிடும்.

அப்படித்தான் முடிந்தது. பிசான நெல் பால் பிடித்திருந்த காலம். கால்வாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. அன்றைய தண்ணீர் முறை, கால்வாயில் எங்களுக்கு அடுத்துள்ள கீழூருக்கு. எங்கள் ஊரார் மண்போட்டு அடைத்த மடையை வேண்டுமென்றே திறக்கவில்லை. பள்ளிக்கூடம் மடைக்கு நேரே கரைமேல் இருப்பதால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. கீழூர்ப் பேச்சிமுத்து கம்போடு வந்து மண்ணைக் கலைத்தான். ஞானமுத்து தடுத்தார். பேச்சிமுத்து ஓங்கி அவர் தலையில் ஒன்று வைத்தான். அவர் சரிந்தார். வயலுக்குள் நின்ற அவருடைய தம்பி தாவீது சேற்றிலிருந்து ஓடிவந்து, கையிலிருந்த மண்வெட்டியைப் பின்னாலிருந்து இறக்கினான். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறங்கியது. பேச்சிமுத்து முழங்காலிட்டு, பிறகு மடைக்குள் முகங்குப்புற விழுந்தான். தாவீது காலை அவன் முதுகில் ஊன்றி மண்வெட்டியை இழுத்தான். அது வந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கலைந்த மண் வழியே கீழூருக்குப் போகவேண்டிய தண்ணீர் சிவந்து கீழூருக்கே போயிற்று. என் பின்னால் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவை அடைக்கவும் மறந்து அவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

போலீசார் வருமுன் குடும்பம் கூடியது. எங்கே தெரியுமா? ஜெபவீட்டில். தாவீது மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எஸ்தர் நிறை மாதம். காலடியில் இரண்டு குழந்தைகள். ஞானமுத்து தலையில் கட்டோடு நடுவில் நின்றார். பெண்சாதி செத்து வெகுகாலம் ஆன, பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். ஏதோ கலியாணத்துக்கு யார் போவது என்று பேசுவதுபோல, "நான் போயிருதேன்" என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. இந்தப் பக்கத்தில் அது வழக்கம். வெட்டியவன் யாராக இருந்தாலும், வீட்டுக்கு யார் இல்லாமல் சமாளிக்க முடியுமோ அவர் போய்ப் போலீஸ் கச்சேரியில் நிற்பார். கீழூராரும் மத்தியானத்துக்குள் ஒத்துக்கொண்டார்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் போனால் போதும் என்றார்கள்.

நான் பொறுக்க மாட்டாமல் கத்தினேன். "இது பொய், அண்ணை! செய்தவன் அங்கை இருக்கிறான். செய்யாத நீங்கள் தூக்கிலை தொங்கிறதோ?"

ஞானமுத்து என்னைத் திகைத்துப் பார்த்தார். "வாத்தியாரய்யா, ஞாயித்துக்கெழம தோறும் நீங்க என்ன சொல்லுதீங்க? குத்தம் செஞ்சது ஒருத்தரு, தொங்குனது ஒருத்தருன்னு சொல்லுதீங்கள்லா?"

"அவர் தேவகுமாரன். நீங்கள் மனுசன்."

"அவுக ஒலகத்துக்கே செத்தாக. நான் எந்தம்பி ஒருத்தனுக்குத்தானய்யா கேக்கேன். எம் மண்டையில அடி விழுந்ததப் பாத்துத்தான அவன் வெட்டுனான்?"

மீட்பின் உபதேசத்தில் பரீட்சை எழுதி முதற்பரிசு வாங்கியவன் நான். பரிசாகக் கிடைத்த புத்தகம் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. நான் வந்த நாள் முதல் இவர்கள் சிலுவையின் கதையைக் கேட்டு ஏன் அழவில்லை, ஏன் "சரிதான், சரிதான்" என்று தலையை மட்டும் ஆட்டினார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. ஒரு குடும்பத்தில் மூத்தவர் செய்யக்கூடிய காரியமாக அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏட்டையா வந்து ஞானமுத்துவின் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார். நான் அவரைத் தனியே அழைத்து, கண்ட உண்மையைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வே வாத்தியாரே, ஒரு பொணம், ஒரு ஆளு. சரியாப் போச்சுல்லா? ரெண்டு ஊரும் பைய அடங்கியிருக்கு. நீரு எதுக்கு வே கொள்ளிக்கட்டைய எடுத்து முதுகச் சொறியுதீரு?" என்றார். ஆனாலும் மடைக்கு நேரே இருந்தவன் என்பதால் சாட்சிப் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. சண்டை நடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவேன் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். எஸ்தர் பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து என் வாசலில் கிடத்திவிட்டு நின்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வேதப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தொட்டுக்கொண்டு பொய் சொன்னால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு பிள்ளைகள் முன் நிற்பேன்? வெட்டியவன் தாவீது என்று சொன்னேன். கோர்ட்டில் ஒரு முனகல் எழுந்தது. கூண்டில் நின்ற ஞானமுத்து கண்ணை மூடிக்கொண்டார். சர்க்கார் வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. "தாங்கள் இந்தத் தேசத்தவரா?" என்றார். இல்லை என்றேன். "எவ்வளவு காலமாக இங்கே?" வருஷம் ஒன்றாகவில்லை என்றேன். "இந்த அண்ணன் தம்பி இருவரும் சேற்றோடு நின்றால் யார் எவர் என்று அயல்தேசத்துக்காரருக்கு அடையாளம் தெரியுமா?" தெரியும் என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதித் துரையும் புன்னகைத்து எதையோ எழுதினார். ஊர் முழுவதும் ஞானமுத்துதான் என்றது. கீழூரும் அதையே சொன்னது. செத்தவனின் மனைவிகூடச் சொன்னாள். நான் ஒருவன் சொன்ன உண்மை, அன்னியன் ஒருவனின் கண்கோளாறு என்று முடிந்தது. தானே வந்து ஒப்புக்கொண்டதனால் தூக்கு இல்லை, ஆயுள்வரை கடலுக்கு அப்பால் தீவாந்தரச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

சேரன்மாதேவியில் ரயிலைவிட்டு இறங்கி நடந்து வந்தபோது, கால்வாய்க் கரையில் தாவீதும் அவன் சொக்காரப் பங்காளிகள் இருவரும் காத்திருந்தார்கள். முதல் அடியில் இடது கை ஒடிந்தது. விழுந்தபிறகு மிதித்தார்கள். வாயில் மண்ணும் ரத்தமும். "எங்க அண்ணன் ஒத்துக்கிட்டத ஒடைக்க நீ யாருலே?" என்று தாவீது அழுதுகொண்டே அடித்தான். அழுகை அதிகமாக ஆக அடியும் அதிகமாயிற்று. கடைசியில் அவனே கம்பை எறிந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். என்னைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்கள்தான். எஸ்தர் உளுந்து மாவும் முட்டையும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினாள்.

"அடிச்சது அவுக கோவம், கெட்டுதது எஞ்சோலி. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுமா?" என்றாள்.

"உன்ரை புருசன் என்னைக் கொல்லப் பாத்தவன், பிள்ளை" என்றேன்.

"அசலூரு ஆளா இருந்தா அடிச்சிருக்க மாட்டாவ. போறான் சவம்னு விட்டிருப்பாவ."

கோர்ட்டில் என்னை அயல்தேசத்தவன் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். கால்வாய்க் கரையில் நம்மவன் என்று சொல்லிக் கையை ஒடித்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதும் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் வைத்தேன்.

ஞானமுத்துவைச் சென்னைக்குக் கொண்டுபோகுமுன் பாளையங்கோட்டைச் சிறையில் பார்க்க அனுமதித்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "கோட்டிக்காரப் பய" என்று தம்பியைத் திட்டினார். பிறகு, "நீங்க சாச்சி சொன்னதுல எனக்கு வருத்தமில்லய்யா. நீங்க சொல்லத்தான் செய்யணும். அவுக நம்பலைல்லா, அது கர்த்தர் செயல்" என்றார். நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காதவர்போல் கம்பிக்கு அருகே வந்தார்.

"வாத்தியாரய்யா, எங்க ஊருல கடலத் தாண்டுனவுக நீங்க ஒருத்தருதான். அதான் கேக்கேன். அங்கன சோறு தொண்டையில எறங்குமா? நம்ம பேச்சு யாரும் பேசுவாவளா? கப்பல்ல எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?"

பாளையங்கோட்டைக்கு அப்பால் ஒரு ஊரையும் பார்த்திராத மனிதர். ஆயுள் முழுவதற்கும் அவருக்கு வழி சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். தெரிந்ததைச் சொன்னேன். "முதல் மாசம் மனம் எல்லாத்தையும் ஊரோடை ஒப்பிட்டுப் பாக்கும். பாக்க விடாதேங்கோ. ஆர் எந்தப் பாசையிலை கூப்பிட்டாலும் திரும்பிப் பாருங்கோ. கப்பலிலை, கரை மறையுமட்டும் கரையைப் பாத்துக்கொண்டு இருங்கோ. மறைஞ்சாப் பிறகு மற்றப் பக்கம் திரும்பி இருந்து சோத்தைத் தின்னுங்கோ. இல்லாட்டிச் சாப்பாடு இறங்காது." ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் ஒரு சித்திரையில் தாயாரைப் பார்க்க ஊருக்குப் புறப்பட்டேன். தூத்துக்குடியில் கப்பலேறினேன். எஸ்தர் சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். மேற்குத் தளத்தில் கரையைப் பார்த்தபடி ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கரை கோடாகி, கோடு புகையாகி, புகையும் போயிற்று. பக்கத்தில் இருந்த நம் ஊர் வியாபாரி ஒருவர், "தம்பி, யாழ்ப்பாணம் அந்தப் பக்கம் எல்லே? வீட்டுக்குப் போறவன் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாய்?" என்று கேட்டார். நான் திரும்ப நினைத்தேன், முடியவில்லை. மடியில் சோற்றுப் பொட்டலம் அவிழாமலே இருந்தது.