வாழ்நாள் சந்தா

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘தள்ளுபடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். “தள்ளுபடி வந்தாச்சா?”, “தள்ளுபடி லீவு” என்று சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. வெளியாட்கள் இருந்த ஒரு கூட்டத்தில் மேனேஜரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் அவள் சின்னவள். இங்கே தள்ளுபடி. இரண்டுமே அவளுக்குப் பழகிப்போயிருந்தன.

ஒரு சோபாக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த நிறுவனம். கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுகிற விளையாட்டு அவர்களுடையது. விளையாட்டு என்று சொன்னால் ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வீட்டு மேஜையில் ஸ்டீயரிங்கைப் பூட்டி, காலடியில் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வைத்து, நிஜப் பந்தயத் தடத்தை மேடுபள்ளம் மாறாமல் அளந்து செய்த தடத்தில், எங்கெங்கோ இருக்கிறவர்களோடு இணையத்தில் போட்டி போடுவது. டயர் சூடேறினால் பிடிப்பு மாறும். மழை பெய்தால் வழுக்கும்.

இதில் காசு வரும் வழியை ஒருநாள் அவள் தன் அக்காவுக்கு விளக்கினாள். மாதச் சந்தா கட்டினால்தான் உள்ளே நுழையலாம். நுழைந்த பிறகு காரைத் தனியாக வாங்க வேண்டும், தடத்தைத் தனியாக வாங்க வேண்டும். சந்தாவை நிறுத்திவிட்டால் வாங்கின கார், தடம் எல்லாம் பூட்டிக்கிடக்கும்.

“அப்ப வாடகை வீட்டுக்குக் கதவு ஜன்னலையும் நாமதான் வாங்கி மாட்டணும். வாடகை குடுக்கலைன்னா கதவும் அவனுக்கு. அப்படித்தானே?” என்றாள் அக்கா.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுக்க முடியவில்லை.

யாருக்கு, எப்போது, எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. மூன்று கார் வாங்கினவனுக்கு, இன்னும் மூன்று வாங்கினால் எல்லாவற்றிலும் விலை குறையும் என்று காட்ட வேண்டும். சந்தாவை நிறுத்த வருகிறவனுக்கு, கடைசிப் பொத்தானை அமுக்கப்போகும் நேரத்தில் பாதி விலை என்று ஒரு பக்கம் திறக்க வேண்டும். முதலிலேயே கொடுத்தால் மதிப்பிருக்காது. தாமதித்தால் ஆள் போய்விடுவான். இதில் அவளுக்கு நல்ல கைப்பக்குவம் இருந்தது. தள்ளுபடி முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று ஓரத்தில் ஓடிக் குறைந்துகொண்டே வரும் சிவப்புக் கடிகாரமும் அவள் யோசனைதான். அதைப் பார்த்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும்.

அவள் இருந்தது அக்கா வீட்டில். அக்கா ஒரு சலவை நிலையத்தில் கல்லாவில் உட்கார்ந்தாள். அக்காவின் கணவர், அவளுக்கு அத்தான், இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். இடது கண்ணில் பார்வை மங்கி, வேலை போய், சின்ன பென்ஷனோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் உட்காரத் தெரியாத மனுஷன். முதல் ஆறு மாதம் சும்மா இருந்த குழாயையெல்லாம் கழற்றி மாட்டினார். எல்லாக் குழாயும் ஒழுக ஆரம்பித்தன. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சின்னவள் அலுவலகத்தில் ஓரம்கட்டி வைத்திருந்த பழைய ஸ்டீயரிங் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஊழியர்களுக்கான இலவசக் கணக்கையும் அவருக்குப் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இதுக்கு ஒரு கண்ணே போதும்மா. திரையில எல்லாம் தட்டையாத்தானே இருக்கு. ரெண்டு கண்ணு இருக்கிறவனுக்கும் இங்க ஒரு கண்ணுதான்.”

பின்னறை அவருடையதாகிவிட்டது. ஞாயிறு மாலைகளில் அவரோடு ஓட்ட ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒருவர் பேக்கரி வைத்திருந்தார், ஒருவர் வெல்டர், ஒருவர் பல் டாக்டர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஹெட்போனில் குரல் மட்டும். எல்லோருக்கும் அவர் ‘டெப்போ அண்ணன்’. வளைவில் யாராவது முட்டித் தள்ளினால், “ஏம்பா, பின்னாடி பயணிங்க நிக்கிறாங்கன்னு நினைச்சு ஓட்டு” என்று அத்தான் அதட்டுவார். ஹெட்போன் வழியாக வெளியே கேட்கும் அளவுக்கு அவர்கள் சிரிப்பார்கள். பேக்கரிக்காரரின் மகன் வேறு நாட்டில் இருந்தான். அவனும் அந்த மாலைகளில் சேர்ந்துகொள்வான்.

இப்படி இரண்டு வருஷம் போனது.

ஒரு நாள் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் புதுத் திட்டம் ஒன்றைச் சொன்னார். வாழ்நாள் சந்தா. ஒரே தடவை கட்டினால் போதும். எல்லாக் காரும், எல்லாத் தடமும், இனி வரப்போவதும் சேர்த்து. முதல் வாரத்தில் மட்டும் பெரிய தள்ளுபடி.

“யாரோட வாழ்நாள் சார்?” என்று கேட்டாள் அவள். விதிமுறைப் பக்கத்தில் எழுத வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

“கம்பெனியோடதுதான்,” என்று சொல்லிவிட்டு மேனேஜர் சிரித்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த விலை இரண்டு வருஷச் சந்தாவுக்குத்தான் சமம். அதற்குப் பிறகு வாங்கினவர்களிடமிருந்து ஒரு காசும் வராது. நீண்ட நாள் கடை நடத்த நினைக்கிறவர் வைக்கும் விலை அல்ல அது. அவளுக்கு உறுத்தியது. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் வேடிக்கையான மனிதர். சர்வர் வேலை என்றதும் மாமியார் இன்னும் தன்னை ஹோட்டல்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்வார். அன்றைக்கு அவர் வேடிக்கை பேசவில்லை.

“வேற ஒரு பெரிய கம்பெனி நம்மள வாங்குது. அவங்களுக்கு டயர் பிடிப்பு மாறுறதுக்கு நாம போட்ட கணக்கு மட்டும்தான் வேணும். ஆளுங்க வேணாம், ஓட்டறவங்களும் வேணாம். சர்வர் வாடகையைக் கோடைக்கு மேல புதுப்பிக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

அவள் நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கடைசி வரைக்கும் வாயைத் திறக்காம இருக்கிறவங்களுக்கு நம்ம கம்பெனி ஆறு மாசச் சம்பளம் தருது. இருக்கிற காசை வச்சு அதைக் குடுக்க முடியாது. இந்த விற்பனை நடந்தாத்தான் உண்டு. உங்க வீடு உங்க சம்பளத்துலதானே ஓடுது?”

ஆமாம், அதில்தான் ஓடியது. அவள் இடத்துக்குத் திரும்பி, விற்பனைப் பக்கத்தைத் தயார் செய்தாள். சிவப்புக் கடிகாரத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

விற்பனை தொடங்கிய இரண்டாம் நாள், வீட்டில் சாப்பிடும்போது அத்தான் அதைப் பற்றிப் பேச்செடுத்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“பெரிய வேலை பண்ணியிருக்கே. எங்க ஆளுங்க எல்லாரையும் வாங்கச் சொல்லிட்டேன்.”

“நீங்க வாங்காதீங்க அத்தான். உங்களுக்குத்தான் இலவசம் இருக்கே.”

“எனக்கில்லம்மா, அவங்களுக்கு. வெல்டர் தம்பி யோசிக்கிறான். மாசாமாசம் கட்டிக்கிறேங்கிறான். எங்க மச்சினிச்சி அங்கதான் இருக்கா, தப்பா எதுவும் வராதுன்னு சொன்னேன்.”

அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

“எதுக்கு அவசரம்? மெதுவா வாங்கட்டும்.”

“வெள்ளிக்கிழமையோட முடியுதே. கடிகாரம் ஓடிக்கிட்டிருக்கு பாரு.”

அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அவள் குனிந்து சாப்பிட்டாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் எதிரே அத்தான்தான் உட்கார்ந்திருந்தார்.

விற்பனை யாரும் எதிர்பார்க்காத அளவுக்குப் போனது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அவளுக்கு ஊட்டப் பார்த்தார் மேனேஜர். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

கோடை வெயில் ஏறத் தொடங்கியதும் அறிவிப்பு வந்தது. சேவை நிறுத்தப்படுகிறது, இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி. அடுத்த ஞாயிறு பின்னறையில் பந்தயம் எதுவும் நடக்கவில்லை, பேச்சு மட்டும். அன்று அத்தான் ஹெட்போனைப் போடாமல் ஸ்பீக்கரில் வைத்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு எல்லாம் கேட்டது.

“டெப்போ அண்ணே, தப்பா நினைக்காதீங்க,” என்றது வெல்டரின் குரல். “உங்க மச்சினிச்சிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?”

“தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பா தம்பி. நான் வளர்த்த பொண்ணு மாதிரி அது. அவளையும் சேர்த்துத்தான் ஏமாத்தியிருக்கானுங்க.”

அவள் துணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தான் அவள் முகத்தைப் பார்த்ததும் மைக்கை அணைத்தார்.

“எனக்குத் தெரியும் அத்தான். விற்பனைக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை.

“ஏம்மா சொல்லல?”

“வேலை போயிடும்னு.”

அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: “என் கண்ணு மங்கினப்ப யாரும் கண்டுபிடிக்கலை, தெரியுமா? டாக்டர் செக்கப்புக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்துச்சு. ஓட்டியிருக்கலாம். நானா போய்ச் சொன்னேன். உங்க அக்கா மூணு நாள் என்கிட்ட பேசல. பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருக்காங்களேம்மா.”

அவளுக்கு இது தெரியாது. பரிசோதனையில் கண்டுபிடித்து இறக்கிவிட்டார்கள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

அவர் மைக்கைப் போட்டார். “தம்பி, நீ சொன்னதுதான் சரி. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பொறுப்பேத்துச் சொன்னது தப்பு,” என்றார். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் அணைந்தன.

கடைசி வாரங்களில் அவளுக்கு அலுவலகத்தில் ஒரே வேலை. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு, வாழ்நாள் என்பது சேவையின் வாழ்நாளையே குறிக்கும் என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். சிலர் திட்டினார்கள். ஒருவர், தனக்குப் புற்றுநோய் என்றும், வாழ்நாள் என்று பார்த்ததும் தனக்கே சிரிப்பு வந்து வாங்கினதாகவும் எழுதியிருந்தார். அவருக்கும் அதே பதில்தான் போனது.

சொன்னபடி ஆறு மாதச் சம்பளம் வந்தது. அத்தானின் ஆட்கள் கட்டிய பணத்தைத் தன் கையிலிருந்து கொடுத்துவிடுவதாக அவள் சொன்னாள். அத்தான் எல்லோருக்கும் தகவல் அனுப்பினார். வெல்டர் வாங்கிக்கொண்டார். பல் டாக்டர் பதிலே போடவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் அத்தானுக்குப் போன் செய்தார்.

“காசை விடுங்க அண்ணே. என் பையன் வாரத்துல அந்த ரெண்டு மணி நேரம்தான் என்கிட்ட பேசுவான். வேற எதுக்கும் அவன் போனை எடுக்கிறதில்லை. அதுக்கு என்ன பண்றது?”

அத்தான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றார்.

அந்த மாதமே சின்னவள் தனியாக அறை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. மூட்டை கட்டும்போது அக்கா வந்து நின்றாள். “போர்வை எடுத்துக்கோ, அங்க குளிரும்,” என்று மட்டும் சொன்னாள்.

வேறு வேலைக்கு அலைந்தாள். கடைசியில் கிடைத்ததும் விலை போடுகிற வேலைதான், உடற்பயிற்சி நிலையங்கள் நடத்துகிற ஒரு நிறுவனத்தில். வருஷச் சந்தா கட்டிவிட்டு இரண்டாம் மாதமே வராமல் போகிறவர்கள்தான் அங்கே லாபம் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். புரிகிறது என்றாள்.

அத்தான் இப்போது ஒரு லாரிக் கிடங்கில் நிற்கிறார். ரிவர்ஸில் வரும் வண்டிகளுக்குக் கை காட்டி, “வரலாம், வரலாம், நில்லு” என்று சொல்கிற வேலை. சம்பளம் கொஞ்சம்தான். பின்னறையில் அக்கா துணி காயப்போடுகிறாள்.

மாதம் ஒருமுறை அவள் அக்காவைப் பார்க்கப் போகிறாள். அத்தான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவளைப் பார்க்கிறார். “சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். “சாப்பிட்டேன் அத்தான்” என்கிறாள். அவர் தலையசைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுகிறார். அவள் கிளம்புகிற வரைக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.