கிராணி நிறுத்துப் பார்த்த கை

என் இடது கைச் சுட்டுவிரல் நேராக நிற்காது. நடுவில் முடிச்சு விழுந்து பக்கத்து விரல்மேல் சாய்ந்தபடி இருக்கும். போன வாரம் லாயாங் லாயாங் டவுன் கிளினிக்குக்குச் சர்க்கரை பார்க்கப் போனபோது, புதிதாக வந்திருக்கும் டாக்டர் பெண் அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மரத்திலிருந்து விழுந்தீர்களா தாத்தா என்று கேட்டது. இல்லையம்மா, பந்து பிடித்தது என்றேன். கூட வந்த மருமகள் சிரித்தாள். ரப்பர் பால் வெட்டிய கிழவன் எந்தக் காலத்தில் பந்து விளையாடினான் என்று நினைத்திருப்பாள். ஜப்பான்காரன் பந்து என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பாள். சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த விரலைப் பார்த்தால் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஐயா நினைவுக்கு வருவார். அவர் வந்தால் கூடவே எரிச்சலும் வந்துவிடும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அப்போது நாங்கள் கோத்தா திங்கிக்கு அப்பால் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். வெள்ளைக்காரன் தோட்டம் இல்லை, ஜப்பான்காரன் தோட்டம். ஜப்பான் சண்டைக்கு முந்தி ஜொகூரில் அப்படிச் சில தோட்டங்கள் உண்டு. எங்கள் துரை குட்டையான மனிதர். சாயங்காலமானால் தனியாக நின்று பங்களாச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பார். பிறகு நாற்றுமேட்டுக்குப் பக்கத்தில் நிலத்தைச் சமன் செய்து எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒருவன் மேட்டில் நின்று எறிய வேண்டும். எதிரே ஒருவன் உருண்டைக் கட்டையால் அடித்துவிட்டுத் திடலைச் சுற்றி ஓட வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் குந்திக்கொண்டு, தப்பி வரும் பந்தைத் தோலுறை போட்ட கையால் பிடிக்க வேண்டும். மூன்று பேரை ஆட்டம் இழக்கச் செய்தால்தான் அடிக்கிற முறை நமக்கு வரும். இவ்வளவுதான் ஆட்டம். “பால் வாளி தூக்க ஆளில்ல, இதுல கட்டையத் தூக்கிட்டு ஓடுறானுங்க பாரு,” என்று கங்காணி வெற்றிலையைத் துப்புவார். துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பார்.

எங்களுக்கு எறிகிறவர் என் மச்சான், அக்காவின் புருசன். பிடிக்கிறவன் நான். அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை. பந்து கல் மாதிரி இருக்கும், முகத்தில் பட்டால் பல் போகும். நான் மச்சான் வீட்டில் சோறு தின்கிறவன், மறுக்க முடியுமா? “வா மாப்ள, நீ குந்து. ஒன் மூஞ்சி ஏற்கெனவே கோணல்தான், பட்டாலும் வெளிய தெரியாது,” என்று இழுத்துக்கொண்டு போனார். மச்சானின் பந்து நேராக வரும். அடிக்கிறவன் கட்டையை வீசும் நேரத்தில் தரையைப் பார்த்துச் சட்டென்று விழுந்துவிடும். ஓரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது, அடிக்கத் தெரியாதவன் தவறவிட்டான் என்றுதான் நினைப்பான். அது எப்படி விழுகிறது, எவ்வளவு கனத்தோடு வருகிறது என்பது என் உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

ஆட்டத்துக்குப் பெரியவராகத் துரை வைத்தது கிராணி ஐயாவை. யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடியவர். துரைக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷுக்கு அவர்தான் துணை. எங்களை அடா புடா என்று கூப்பிடாத ஒரே கிராணி அவர். வாரும், இரும் என்பார். பால் நிறுக்கும்போது தராசு முள் ஆடி அடங்கும்வரை விடமாட்டார். “ஆடுது, ஆடுது, பொறும்” என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னால் வாளியோடு நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் அவர் நிறுத்த நிறையில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்த நியாயம்தான் கடைசியில் எங்கள் தலையில் விழுந்தது.

ஆட்டக்காரர்களுக்குத் தோட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. வருசத்துக்கு ஒரு தடவை துரை கேட்பார், அடுத்த வருசத்துக்கு யார் யார் வேண்டும் என்று. கிராணி ஐயா பேர் சொல்லுகிறவனுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்தது, அந்த வருசம் முழுக்க வேலையை விட்டு நிறுத்தவும் மாட்டார்கள். அந்தப் பேர்களைச் சொல்வதற்குள் அவர் படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. எறிகிறவனையும் அடிக்கிற பையன்களையும் மனதுக்குள் தராசில் ஏற்றி இறக்கியபடி ஸ்டோர் வாசலில் நடப்பார். “எறியிறவன்ட கை சவர்க்காரக் கட்டி மாதிரி, பாவிக்கப் பாவிக்கத் தேயும். அடிக்கிற பொடியன் வாழைக்குட்டி, நாளுக்கு நாள் வளருவான்” என்பார். உடனே, “ஆனா எறியிறவன் இல்லாட்டி எப்பிடி?” என்று அவரே கேட்டுக்கொள்வார். ஒவ்வொரு வருசமும் கடைசியில் எல்லோர் பேரையும் சொல்லிவிடுவார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எத்தனையோ தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்திலும் ஆட்கள் இருந்த வரிசை வீடுகள் லயம் லயமாகக் காலியாயின. ஆட்டக்காரர்களில் முக்கால்வாசியைத் துரை தாங்கிப் பிடித்தார். என்னையும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டு வேலைக்கென்று வைத்துக்கொண்டார்கள். கடைசியில் மிச்சமிருந்தது இரண்டு இடம். மச்சானும் அக்காவும் இருவருமே பிரட்டில், அதாவது காலையில் ஆள் எண்ணும் பதிவில், பேர் உள்ளவர்கள். அவர்கள் இருந்தால் இரண்டு இடமும் தீர்ந்தது. இல்லையென்றால் நெட்டையன், குட்டையன் என்று நாங்கள் கூப்பிட்ட இரண்டு பையன்கள் இருப்பார்கள். இருவரும் கல்யாணமாகாதவர்கள், நல்ல அடிகாரர்கள். யார் என்று கிராணி ஐயா செவ்வாய்க்கிழமை காலையில் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஊர் என்று ஒன்று இல்லை. மச்சான் வேறு சாதி. இரண்டு வீட்டுக்காரர்களும் அடித்து விரட்டியதால்தான், சின்னப் பையனான என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். திரும்பிப் போனால் அந்த வாசல்களில்தான் போய் நிற்க வேண்டும். நானும் கூட வருகிறேன் என்றேன். “நீ ஏன்டா வர்ற? வெளக்கமாத்து அடி ரெண்டு பேருக்குப் போதாதா?” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு ஆட்டம் இருந்தது. மச்சான் தனியாளாக முழு ஆட்டமும் எறிந்து ஜெயித்துக் கொடுத்தார். ஆனால் கடைசிக் கட்டத்தில் அவர் கை தளர்ந்து இரண்டு அடி வாங்கினோம். அதே ஆட்டத்தில் நெட்டையன் அடித்த பந்து ஸ்டோர்க் கூரையைத் தாண்டிப் போனது. தோட்டமே வாயைப் பிளந்து பார்த்தது. கிராணி ஐயாவுக்கு இரண்டும் மனதில் நின்றுவிட்டன. திங்கட்கிழமை சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். மச்சான் எறியட்டும், இரண்டு பையன்களும் அடிக்கட்டும், பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

ஒரு முழு ஆட்டம் எறிந்தால் மறுநாள் மச்சானுக்கு முழங்கை வீங்கிச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. அந்த ஆட்டத்து எறி முழங்கையை மடக்கி எறிவது. அதுவும் காலையில் பால் வெட்டிவிட்டு வந்த கை. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து புதுக் கையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஐயா, இன்னிக்கு வேணாம் ஐயா. ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க. கை நல்ல கை.”

“ஏன் பொறுக்க வேணும்? எங்கட பக்கம் கிரிக்கெட்டில முதல் நாள் முழுக்க எறிஞ்சவன் அடுத்த நாளும் வந்து எறிவான். கை இருந்தா எறியத்தானே வேணும்?”

“அது வேற எறி, இது வேற எறி ஐயா. நான் புடிக்கிறவன், எனக்குத் தெரியாதா?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, பாவமாகத்தான். “நீர் அவற்ற மச்சான் எல்லே. உம்மட சொல்லை நான் எப்பிடி நிறுக்கிறது?” என்றார்.

உட்கார்ந்திருந்த கங்காணி விடவில்லை. “என்னா கிராணி, மாட்டுக்குப் பல்லப் புடிச்சிப் பாக்கிறியா? வாங்கிறதுன்னா வாங்கு, இல்லாட்டி அவுத்து வுடு லா!”

மச்சான் மேட்டுக்குப் போனார். முதல் பந்து என் கைக்கு வரும்போது அதில் கனமே இல்லை. விழவும் இல்லை. இரண்டாவதைக் குட்டையன் நாற்றுமேட்டுக்கு அந்தப் பக்கம் அடித்தான். நெட்டையனுக்கு என்ன தோன்றியதோ, ஒரு பந்தை வேண்டுமென்றே விட்டது போலக் கட்டையைத் தாமதமாக வீசினான். “ஒழுங்கா அடியும்!” என்று கிராணி ஐயா அதட்டினார். அடுத்ததை அவனும் அடித்தான். ஒவ்வொரு எறிக்கும் மச்சானின் உதடு மடிவது எனக்குத் தெரிந்தது. கிராணி ஐயா நின்ற இடத்திலிருந்து பந்து போகிற தூரம் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் கிராணி ஐயா சொன்னது பையன்கள் பேரை.

அவர் லஞ்சம் வாங்கியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். அவர் ஒரு சுருட்டுகூட யாரிடமும் வாங்காத மனிதர். அதைவிட எரிச்சல் இன்னொன்று. மச்சானின் கை செத்தே போயிருந்தாலும், அக்காவுக்காக நான் நல்ல கை என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்படியென்றால் அவர் என்னை நம்பாதது சரிதானே என்று இத்தனை வருசமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சரிதான் என்று வருகிறது. ஆனால் கை நல்ல கையாகத்தானே இருந்தது.

அவர்கள் கிளம்பிய அன்று அந்தக் கை நன்றாகிவிட்டது. தகரப் பெட்டியை அதே கையால் தூக்கிப் படகில் வைத்துவிட்டு, “பாத்தியா மாப்ள, கிராணி இன்னிக்குப் பாக்க வந்திருந்தா மூணு ஆட்டத்துக்குச் சேத்து எறிஞ்சிருப்பேன்,” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைக் காட்டி, “தச்சிப் போடு” என்றாள். படகு வளைவில் திரும்பும்வரை நின்றேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. சண்டை வந்தது, தபால் நின்றது, ஆள் போய்க் கேட்ட இடத்திலும் பதில் இல்லை.

சில மாதம் கழித்து மறுபடி ஆட்டம் வந்தது, மச்சான் கடைசியாக ஜெயித்த அதே தோட்டத்துக்காரர்களோடு. இந்த நெட்டையனும் குட்டையனும் பிற்பாடு சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குக் கப்பல் சாமான் இறக்கப் போய்விட்டார்கள். அன்றைக்கு இருந்தார்கள். அடிக்கக் கட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டு ஆவலாகத்தான் நின்றார்கள். ஆனால் எறிய யார்? உயரமாக இருக்கிறான் என்று கிராணி ஐயா நெட்டையனை மேட்டில் ஏற்றினார். அவன் பந்து ஒன்று என் தலைக்கு மேலே போகும், இல்லையென்றால் அடிக்கிறவன் வயிற்றுக்கு நேராகப் போகும். மற்றபடி வந்ததையெல்லாம் அடித்தார்கள். ஆளை மாற்றிக் குட்டையன் எறிந்தான், புகைவீட்டுக்காரன் எறிந்தான். ஒருவனைத்தான் ஆட்டம் இழக்கச் செய்ய முடிந்தது. அவர்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் முறை வரவே இல்லை. “நல்ல அடிகாரனுங்கப்பா, அடிக்கத்தான் நேரமில்ல,” என்று கங்காணி சத்தமாகச் சொன்னார். துரை எழுந்து பங்களாவுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் கிராணி ஐயா திடலுக்குள் நடந்து என்னிடம் வந்தார். முகத்தை மூடும் கம்பிக் கூண்டை நான் மேலே தூக்கினேன். அவர் மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

“அவற்ற கை உண்மையாவே நல்லாத்தான் இருந்ததோ?”

“அன்னிக்கே சொன்னேனே ஐயா.”

“அண்டைக்கு நீர் சொன்னது வேற. அக்கா நிக்கவேணும் எண்டு சொன்னனீர். இண்டைக்கு நீர் என்ன சொன்னாலும் உமக்கு அதால ஒண்டும் வரப்போறதில்லை. இப்ப சொல்லும். நம்புறன்.”

அவர் கண்ணில் கேலி இல்லை. தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள் ஆடி அடங்கட்டும் என்று காத்திருந்தார். அக்கா அந்த நேரம் யார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாளோ.

நான் கூண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குந்தினேன். “அடுத்த பந்த எறியச் சொல்லுங்க ஐயா,” என்றேன். அவர் நகரவில்லை. எதிர்த் தோட்டத்துக்காரன் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆடப்போகிறோமா இல்லையா என்று மலாயில் கேட்டான்.

இன்றைக்குக் கிராணி ஐயாவே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.