அக்கா வீட்டுக் கணினியில் ரொறன்ரோ நேரம்

சென்ற வாரம் ஒரு கணினியை மடியில் வைத்துக்கொண்டு இணுவிலிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஆட்டோவில் போனேன். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரி.

கணினி என் அக்காவுடையது. அதன் மணிக்கூடு ரொறன்ரோ நேரம் காட்டும். அக்காவின் ஒரே மகன் நிரோஜன் கனடாவிலிருந்து கடைசியாக லீவில் வந்தபோது மாற்றிவைத்தது. ‘அம்மா, இதைப் பாத்திட்டுக் கோல் எடுங்கோ. என்ரை நித்திரையைக் குழப்பாதேங்கோ.’

அங்கே ஒரு பனிக்காலத்தில் கார் சறுக்கியது... நிரோஜன் போய்விட்டான். கணினியின் இணைய இணைப்பையும் வெட்டிவிட்டார்கள். மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் பிந்தத் தொடங்கிவிட்டது — ஒவ்வொரு காலையும் இன்னும் கொஞ்சம்.

‘உதை ஒருக்காத் திருத்தித் தாவன்’ என்றார் அக்கா.

வாசல் கேற்றடியில் அத்தான் குரலைத் தாழ்த்தினார். ‘வருசம் ஒண்டாச்சு, ஆட்டைத் திவசமும் முடிஞ்சுது. திருத்தேக்கை எங்கடை நேரத்தை வைச்சுக் கொண்டு வா. உன்ரை அக்கா எத்தினை நாளைக்கு அதையே பாத்துக்கொண்டிருக்கிறது?’

‘ஓம் அத்தான்’ என்றேன். அடுத்தவர் துயரத்துக்கு என் கைவசமுள்ள ஒரே மருந்து அந்த ‘ஓம்’தான்.

கணினி திருத்தும் கடைக்காரர் அதன் மூடியைக் கழற்றினார்.

‘புதுப் பற்றரி போட்டது ஆர்?’

‘நான்தான்.’

‘அதுதானே பாத்தன். தலைகீழாப் போடாமல் விட்டியள், அதுவே புண்ணியம் அண்ணை.’

பற்றரி சுகமாக இருந்தது. நோய், மதர்போர்டில் நெல்மணி அளவான ஒரு தகரக் குழாய்க்குள். அதனுள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகத் துண்டு. மின்சாரம் பட்டால் துடிக்கும் — செக்கனுக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் தடவை! அந்தத் துடிப்பை எண்ணித்தான் கணினி நேரம் சொல்கிறது. கணினியை நிறுத்தினாலும் பற்றரியின் தயவில் அது துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்புக் குறைந்தால் நேரம் பிந்தும். செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து ஒன்றைக் கழற்றி, ஈயம் வைத்து ஒட்டினார்.

‘எந்த நேரம் வைக்கிறது அண்ணை?’

குவார்ட்ஸுக்கு ஊர் கிடையாது. ஊரை மனிசர்தான் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில்தான் ஒரே நேரம் ஓடுகிறது? ஒரு கண் சுவர் மணிக்கூட்டில், மற்றக் கண் பாரிஸிலோ லண்டனிலோ... வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு அபிப்பிராயம் சொல்கிறவனுக்கு அன்றைக்கு அத்தானுக்குச் சொன்ன ‘ஓம்’ மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

‘எங்கடை நேரம்’ என்றேன்.

வீட்டில் அக்கா கணினியைப் போட்டுப் பார்த்தார். திரையின் மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘நல்லது’ என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். தேத்தண்ணியில் சீனி இல்லை. அப்படியே குடித்தேன்.

மறுநாள் முற்பகல் அத்தான் கோல் எடுத்தார்.

‘தம்பி, உந்த நேரத்தைப் பழையபடி மாத்திறது எப்பிடி?’

‘அக்கா அழுகிறாவோ?’

‘அவ ஒண்டும் சொல்லேல்லை.’ மறுபடி குரலைத் தாழ்த்தினார். ‘அவ கோயிலுக்குப் போனாப் பிறகு... நான்தான் அதுக்கு முன்னாலை போய் இருக்கிறனான். இப்ப எழும்பியிருப்பான், இப்ப வேலையாலை வந்திருப்பான் எண்டு...’

எங்கே அமத்துவது, எதைத் தெரிவது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் செய்தார்.

‘வந்திட்டுதோ அத்தான்?’

‘ஓம், வந்திட்டுது. அங்கை இப்ப நடுச்சாமம். படுத்திருப்பான்.’

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் மெல்லத்தான் கதைத்தோம்.