முவானுக்கான தட்டு

உப்பு ஏற்றப் போன தோணி மட்டும் ஏரிக்கரையில் ஒதுங்கியது. முவான் வரவில்லை. மழை ஓய்ந்து ஏரி தெளிந்த பிறகும் அவன் உடல் கிடைக்கவில்லை. அவனுடைய துணிகளையாவது வீட்டுத் தரைக்கடியில் புதைத்து, ஊர் வழக்கப்படி மேலே சித்திரத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துவிடலாம் என்றார்கள் உறவினர்கள். அந்த ஊரில் தட்டுகளுக்குச் சித்திரம் எழுதுகிறவள் அவன் மனைவி இஷ் முயால்தான்.

பிரபுக்களின் கொக்கோ கோப்பைகளில் எத்தனையோ சிறுத்தைகளைக் கை நடுங்காமல் எழுதியவள் அவள். இப்போது சிப்பியில் குழைத்த சிவப்பு காய்ந்துகொண்டே போனது. களிமண் பூச்சு பூசிய, இன்னும் சுடாத தட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். களிமண் மெல்ல ஈரமாகும், அலை அடிக்கும், அல்லிகள் விரியும். யாராவது கூப்பிட்டால் மறுபடி வெறும் தட்டு.

ஒரு காலையில் அவள் கை தானாக எழுந்தது. விளிம்பைச் சுற்றிக் கரிய தண்ணீர், அதில் வெள்ளை அல்லிகள், ஓரமாக ஓர் ஆமை. ஆமை ஓடு பிளக்க, அதிலிருந்து மக்காச்சோள தேவன் எழுந்தான். மண்ணுக்குள் போன விதை எழுவதுபோல, சோம்பலாக, பட்டுக் குஞ்சம் போன்ற முடியோடு.

நாத்தனார் இஷ் கான் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க அண்ணன் மூக்காச்சே! ஆனா இவ்வளவு அழகு எப்ப வந்துச்சு அவனுக்கு? காது ரெண்டும் எலிக்காது மாதிரி இருக்குமே."

"எலிக்காதுதான் போட்டிருக்கேன். முடிக்குள்ள ஒளிஞ்சிருக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் இஷ் கான் மெதுவாகக் கேட்டாள்:

"ஏன் அண்ணி, சாமியை எப்பவும் நடுவுலதானே எழுதுவே? இங்க நடுவுல வெறும் தண்ணியா இருக்கே?"

"உயிர் வெளியே போக நடுவுலதானே ஓட்டை போடுவாங்க. உளி அவர் மேல படக் கூடாது."

இஷ் கான் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தட்டைச் சுட்டெடுத்தார்கள். புதைக்கும் நாளில் உளியை இஷ் முயாலே வாங்கிக்கொண்டாள். ஒரே அடி. தண்ணீரின் நடுவே சின்னதாக ஒரு துளை விழுந்தது. வேறெங்கும் கீறல்கூட இல்லை. துணிகளின்மேல் தட்டைக் கவிழ்த்து மண் தள்ளி, தரையைச் சுண்ணாம்பு பூசி மெழுகினார்கள்.

பூச்சு காய்ந்த மத்தியானம் இஷ் முயால் அதன்மேலேயே பாய் போட்டுப் படுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு கண் அயர்ந்தது. கீழே எங்கோ துடுப்பு போடும் ஓசை, தூரமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"எழுந்திரு அண்ணி," என்று இஷ் கான் உலுக்கினாள். "கஞ்சி ஆறுது."