காரணம் என்ற கட்டம்

பழைய சிப்பாய்களின் டிஸ்சார்ஜ் பேப்பரில் உள்ள தவறைத் திருத்தித் தரும்படி, அந்தத் தவறைச் செய்த அமெரிக்க ராணுவத்துக்கே பணிவாக விண்ணப்பம் எழுதுவதுதான் எங்கள் தொழில். ஹெச்-ஒன்-பி, கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் என்று ஏதாவது ஒரு ஃபாரத்தில், பெயர் எழுதும் கட்டத்தின் முன்னால் பேனாவோடு உறைந்துபோயிருக்கும் சக தமிழர்களுக்கு, நான் படும் பாட்டை அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

நான் வக்கீல் இல்லை. டாலஸில் இலவசமாக வழக்கு நடத்தும் சின்ன அலுவலகம் ஒன்றில் வக்கீலுக்கு உதவியாளர். எங்கள் வீட்டில் காலேஜ் படித்து முடித்த முதல் ஆள். அதனால் எதையும் அனுப்புவதற்கு முன்னால் நாலு தடவை சரிபார்ப்பேன், அனுப்பிய பிறகு இன்னும் நாலு தடவை. கீழே வருவது ஒரே ஒருவருடைய கதை. அவருடைய அனுமதியோடு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன். அவருடைய அப்பாவின் பெயரை மாற்றும்போது மட்டும், அதே நீளத்தில் இன்னொரு பெயர் தேட வேண்டியிருந்தது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதல் சம்பவம் நான் கண்ணால் பார்த்ததில்லை, என் பாஸ் லோரெய்ன் சொல்லிக் கேட்டது. மற்றதற்கெல்லாம் நானே சாட்சி.

டிரக்கில் உட்கார்ந்திருந்தவர்

எங்கள் அலுவலக வாசலில் ஒரு நீல நிற டிரக் மூன்று நாள் வந்து நின்றதாம். ஒரு மணி நேரம் நிற்கும், யாரும் இறங்க மாட்டார்கள், கிளம்பிப் போய்விடும். மூன்றாம் நாள் லோரெய்ன் கையில் காபியோடு போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். உள்ளே நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், மடியில் மடித்த ஒரு தாள். அவர்தான் ரவி சார். ஒன்பது வயதில் சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவர், இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்து மருத்துவ உதவியாளராக இருந்தவர்.

அந்தக் காலத்தில் சட்டம் ஒரு விசித்திரமான சட்டம். தன்பாலீர்ப்பாளர் ராணுவத்தில் இருக்கலாம், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது. மேலதிகாரி கேட்கவும் கூடாது, இவர் சொல்லவும் கூடாது. ரவி சாரின் அதிகாரி கேட்டுவிட்டார். வெளியேற்றியபோது கொடுத்த தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் 'தன்பாலீர்ப்பை ஒப்புக்கொண்டது' என்று அச்சடித்திருந்தது. விடுவிப்பின் தரமும் 'கௌரவமானது' அல்ல, அதற்கு ஒரு படி கீழே. சட்டம் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, தாள் மாறவில்லை. வேலைக்குப் போகுமிடத்தில் அதைக் கேட்பார்களே என்று, ராணுவத்தில் இருந்ததையே அவர் சொல்வதில்லை. லோரெய்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதானாம்: "நான் எங்கேருந்தும் ஓடிப் போகலை மேடம். கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னேன், அவ்வளவுதான்."

அப்படி ஒரு சிப்பாய் இல்லை

அவருடைய பழைய ஃபைலைக் கேட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. வரவேற்பில் இருப்பவர் எழுதி வைத்திருந்த குறிப்பில், கடைசிப் பெயர் 'திருநாவுக்கரசு', முதல் பெயர் 'ரவி' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு. திருநாவுக்கரசு அப்பா பேர் இல்லையா! இந்த அமெரிக்கர்கள் எப்போதும் இப்படித்தான், நம் பெயரைத் தலைகீழாக மாட்டி வைப்பார்கள் என்று, ஊர் வழக்கப்படி 'தி. ரவி' என்று நானே திருத்தி, ரவியைக் கடைசிப் பெயராக்கி அனுப்பினேன். நாலு தடவை சரிபார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்படி ஒரு சிப்பாய் எங்களிடம் இருந்ததே இல்லை. நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து, ரவி சாருக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். அப்பாவின் பெயர்தான் அவருடைய குடும்பப் பெயராகப் பாஸ்போர்ட்டில் ஏறி, அதுவே சட்டை நெஞ்சிலும் ஏறியிருக்கிறது. பெயர்ப் பட்டையில் அது அடங்கவில்லை, வாயில் அதைவிட அடங்கவில்லை. கோபம் வரும்போது மட்டும் சார்ஜன்ட் கஷ்டப்பட்டு முழுசாகச் சொல்வாராம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். போனில் அவர் சிரித்தார். "விடு கவிதா. மூணு வருஷம் எங்கப்பா பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டினாங்க, கடைசில வெளியே போன்னு சொன்னதும் அவரைத்தான்."

பதினோரு பக்கம்

சரியான பெயரில் மறுபடியும் எழுதிப் போட்டேன். அந்த ஃபைல் வருவதற்குள், செய்த தவறுக்குப் பிராயச்சித்தமாக மனுவின் முதல் வரைவை நானே எழுதுகிறேன் என்றேன். காலேஜில் மனித உரிமைச் சட்டம் படித்தவள் இல்லையா? ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையைத் துருவி விசாரித்து, அதற்காகவே படையிலிருந்து நீக்குவது தவறு என்று ஐரோப்பாவில் ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் ஆரம்பித்து, மனித கண்ணியம் என்பது என்ன என்பது வரைக்கும் பதினோரு பக்கம். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

லோரெய்ன் தானும் ராணுவத்தில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஒன்பது பக்கத்துக்குக் குறுக்கே ஒவ்வொரு கோடு. எந்த முகாம், எவ்வளவு காலம், என்ன வேலை, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பது மட்டும் மிஞ்சியது. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "நீ எழுதினது எல்லாமே சரிதான் பெண்ணே. ஆனால் திருத்தும் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அடுக்கு ஃபைலை முடிக்க வேண்டும், அவர்களை ஐரோப்பாவுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகாதே."

அப்பாவின் ஒரே கேள்வி

என் அப்பா டாலஸை ஒட்டிய ஆலனில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் தோசை மாஸ்டர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களிடம் 'இமிக்ரேஷன்' என்று சொல்லி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சட்ட வேலை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மிணி, நெசமா என்னதான் பண்றே?" என்று கேட்டார். பொய் சொல்லவும் மனசில்லை, முழுசாகச் சொல்லவும் பயம். மெதுவாகச் சொன்னேன். ஆணை விரும்பும் ஆண், ராணுவம், கேட்ட கேள்வி, சொன்ன பதில், போன வேலை.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினார். பிறகு, "ஆளு வேலைல எப்படியாம்?" என்றார். நல்ல வேலைக்காரராம்ப்பா, கூட இருந்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க என்றேன். அப்பாவுக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. "நல்லாத் தோச ஊத்தறவன எவனாச்சும் வேண்டாம்பானா கண்ணு?"

முட்டிக்குத் தைலம்

ஃபைல் ஒருவழியாக வந்தது. அதில் ஒரு குறை. பயிற்சியின்போது வண்டி ஒன்று கவிழ்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ரவி சார் வெளியே இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்ததாக அவருக்கு ஞாபகம். ஃபைலில் அது இல்லை. இருந்தால் நல்லது, இல்லாமலும் மனுப் போடலாம் என்றார் லோரெய்ன். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தடவை கெடுத்தவள் இன்னொரு தடவை கெடுத்துவிடக் கூடாதே என்ற பயம். அது இல்லாமல் 'கௌரவமானது' கிடைக்காமல் போய்விட்டால்? ரவி சாரைத் தினமும் நச்சரித்தேன்.

"நியூ ஜெர்சில, ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பாங்க. நான் அதைக் கண்ணால பாத்ததே இல்ல. இருந்தா அப்பாகிட்ட இருக்கும்" என்றார். அப்பா இப்போது சுகர் லேண்டில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். சரி, ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன் சார் என்றேன். அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். வெளியேற்றப்பட்டு வீட்டுக்கு வந்த அன்று, முட்டியில் அடிபட்டதால் அனுப்பிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இன்று வரை அதுதான் கதை. "இருபது வருஷத்துக்கு மேலா எங்கப்பா என் முட்டிக்குத் தைலம் வாங்கி அனுப்பறார் கவிதா. அவர்கிட்ட போய் எந்த வாயால சொல்றது?"

சுகர் லேண்டில் ஒரு மத்தியானம்

கடைசியில் நேரில் போவது என்று முடிவு செய்தார். சான்றிதழ் தபாலில் வந்தது என்று அப்பாவிடம் வாக்குமூலம் ஒன்றும் வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். நாலு மணி நேர டிரைவ். வழியெல்லாம் ஒத்திகை. இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டார். தன்பாலீர்ப்பாளர் என்றேன். "இதைச் சொன்னா அவர் ஏதோ புதுசா வந்த டிகிரின்னு நெனப்பார்" என்றார். தன்னோடு இருக்கும் டேனியலையும் இத்தனை வருடம் ரூம்மேட் என்றே சொல்லி வந்திருக்கிறார். டேனியலுக்கும் அவருக்கும் கல்யாணமாகி ஏழு வருடம்.

திருநாவுக்கரசு அங்கிள் மருந்து கம்பெனியில் கெமிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்தார். ரவி சார் வெயிலைப் பற்றிப் பேசினார். ஃபிரீவேயில் நடக்கும் ரோடு வேலையைப் பற்றி விவரமாகப் பேசினார். முக்கால் மணி நேரம் ஆனதும் பொறுக்க முடியாமல் நானே, "அங்கிள், ஆர்மிலேருந்து வந்த பேப்பர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்துபோய் ஒரு ஃபைலோடு வந்தார். அவருடைய டிகிரி, கிரீன் கார்டு நகல், குடியுரிமைச் சான்றிதழ், அதற்கு அடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பாராட்டு. மடிப்புகூட விழாமல் இருந்தது.

"உனக்கு வந்ததுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? கவர்ல மொதல்ல திருநாவுக்கரசு. அப்புறம் ஒரு கமா. அதுக்கப்புறம் சின்னதா ரவி. கண்ணாடி போடாம பிரிச்சேன். ரெண்டு பேரைக் காப்பாத்தினதா போட்டிருந்தது. நாம எப்படா காப்பாத்தினோம்னு யோசிச்சேன்" என்றார். "அப்புறம்தான் புரிஞ்சுது. உன்கிட்ட குடுக்கணும்னுதான் இருந்தேன். குடுக்க மனசு வரலை. என் பேரும் இருக்கே அதுல."

ரவி சார் சிரிக்கவில்லை. "வேற ஏதாவது கவர் வந்துச்சாப்பா?"

"வந்தது. அதே மாதிரிதான் கமா போட்டு. அதையும் எனக்குன்னுதான் பிரிச்சேன்." அங்கிள் தம்ளரை ஒரு சுற்று சுற்றினார். "உன்னை அனுப்பின காரணத்தை நாலு தடவை படிச்சேன். திருப்பி ஒட்டி உன் டேபிள்ல வச்சேன். சரியா ஒட்ட வரலை."

"கோணலா ஒட்டியிருந்தது" என்றார் ரவி சார். "போஸ்ட் ஆபீஸ்ல கிழிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"அம்மாகிட்டகூட சொல்லலை. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"நீங்களா கேப்பீங்கன்னு நான் இருந்தேன்ப்பா."

யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. அங்கிள் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார். நான் வாக்குமூலத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. ரவி சார் கேட்டார்: "தெரிஞ்சே எதுக்குப்பா வருஷா வருஷம் தைலம் அனுப்பினீங்க?"

"நீ முட்டின்னு சொன்னே, நான் தைலம் அனுப்பினேன். நீ நிறுத்தினா நானும் நிறுத்தலாம்னுதான் இருந்தேன். சாப்பிட்டுட்டுப் போங்க, அடுத்த தடவை அந்த ரூம்மேட்டையும் கூட்டிட்டு வா."

செயலாளர் யார்?

பாராட்டுச் சான்றிதழை முதல் இணைப்பாக வைத்து மனுவை அனுப்பினோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு காலை, ரவி சாரிடமிருந்து போட்டோ வந்தது. புதுத் தாள். தரம்: கௌரவமானது. காரணம் என்ற கட்டத்தில் 'செயலாளரின் அதிகாரப்படி' என்று மட்டும். ராணுவத் துறைச் செயலாளரின் பதவியைச் சொல்லி, இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாகப் போடும் வரிதான் அது. ரவி சார் இப்போது உள்ளூர் ஆம்புலன்ஸ் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கிறார். அந்த வேலைக்கான விண்ணப்பத்தோடு அந்தத் தாளைத் தானே இணைத்தார், யாரும் கேட்காமலே.

அன்று சாயங்காலம் அங்கிள் எனக்குப் போன் பண்ணினார். அத்தனை தடவை நன்றி சொன்னார், எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டும், அவருடைய மகனுக்கும். பெயரை மாற்றி எழுதி இரண்டு மாதம் வீணாக்கியவளை நம்பி, நாலு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனாரே. வைப்பதற்கு முன்னால் அங்கிள் சந்தேகமாகக் கேட்டார்: "அந்தச் செயலாளர் யாரும்மா? அட்ரஸ் குடு, அவருக்கும் ஒரு தேங்க்ஸ் லெட்டர் போட்டுடறேன்."

போன வாரம்தான் தீர்ப்பின் முழு நகலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தேன், நாலு தடவை. நீக்கியதற்கு அந்தப் பழைய சட்டத்தைத் தவிர வேறு காரணம் இல்லை, ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை, ஆகவே திருத்துகிறோம் என்று இருந்தது. பாராட்டுச் சான்றிதழைப் பற்றி ஒரு வரியும் இல்லை. லோரெய்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்: அது இல்லாமலேயே இதே தீர்ப்புத்தான் வந்திருக்கும்.

ஆக, இந்த வேலையில் நான் செய்தவற்றிலேயே உருப்படியான காரியம், சட்டப்படி தேவையே இல்லாத ஒரு தாளுக்காக ஒருவரைத் தினமும் நச்சரித்ததுதான்.