அம்மாவின் விரலுக்கு அசையாத கொழுந்து

இலங்கையில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா கொழுந்து பறிக்கிறார். அந்த வேலையையே நானும் என் கணவரும் ஒரு போன் கேமாகச் செய்தோம். திரையைத் தட்டினால் கொழுந்து கூடையில் விழும்.

கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் ஊர் திரும்புவார்கள், அன்றே வெளியிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "இன்னும் நாலு பேருகிட்ட குடுத்துப் பார்ப்போமே" என்றார் கணவர். "நாமதான் வெளையாடிப் பார்த்துட்டோமே, போதுங்க" என்று வெளியிட்டுவிட்டேன்.

திருவிழாக் காலையில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். முதல் ஆட்டம் அம்மாவுக்கு. தட்டினார், கொழுந்து அசையவில்லை. சேலையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினார். அவரோடு பறிக்கும் செல்வி அக்காவுக்கும் விழவில்லை. நான் தொட்டதும் விழுந்தது.

"என் வெரலுதான்மா சரியில்ல. காய்ச்சுப் போய்க் கெடக்கு" என்றார் அம்மா, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வெரலு நல்லாத்தாம்மா இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

லேசாக, சட்டென்று தொட்டால் மட்டும் ஏற்கும்படி செய்திருந்தோம். காய்த்த விரல்கள் அழுத்தித்தான் தொடும். கொழுந்து பறிக்கிறவர்களால் பறிக்க முடியாத கேம்! அன்றே வெளியீட்டை நிறுத்தி, அழுத்தித் தொட்டாலும் விழும்படி திருத்தினோம்.

இப்போது எந்தக் கேமையும் முதலில் அம்மாவிடம்தான் கொடுக்கிறேன். "சீக்கிரம் குடும்மா, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் கை நீட்டுகிறார்.

"சாயந்தரம் வந்து மெதுவா வெளையாடுங்கம்மா" என்கிறேன். "நீங்க சொன்னப்புறந்தான் வெளியிடுவோம்."