சூடானால் நின்றுபோகும் பிக்கப்

பேசாலையிலிருந்து மன்னாருக்கு மீன் ஏற்றிய எங்கள் பிக்கப், எஞ்சின் சூடேறினால் நின்றுவிடும். ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அண்ணர் டீசல் பில்டரை மாற்றிப் பார்த்தார், பம்பைக் கழற்றிப் பூட்டினார். பலனில்லை. சோதனைச் சாவடியில் எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு வெயிலில் நாங்கள் தள்ளுவோம், துவக்கோடு நிற்கும் ஆமிக்காரர் சிரிப்பார்கள்.

ஒருநாள் வழியில் நின்றபோது, மீன்பெட்டி ஐஸை அள்ளி எஞ்சினிலுள்ள சென்சர்களில் ஒவ்வொன்றாக வைத்தேன்; ஒவ்வொரு முறையும் அண்ணர் சாவியைத் திருப்பினார். அடியில், கிராங் சுழல்வதை அறியும் சென்சர் குளிர்ந்ததும் எஞ்சின் உறுமியது.

"இதுதான் அண்ணை, இதை மாத்தினால் சரி."

கொழும்பிலிருந்து புதுச் சென்சர் வந்துசேரவே மாதக்கணக்கானது. நானே பூட்டினேன்.

மறுநாள் சாவடியில் நிறுத்திய எஞ்சின், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. சிரிக்கக் காத்திருந்தவர்களில் ஒருவன் கைகாட்டி மறித்தான்.

"வண்டி இப்ப நல்லம். எங்களுக்கு வேணும். இறங்கு."

"எப்ப திருப்பித் தருவீங்கள், ஐயா?" என்றார் அண்ணர். அவன் சாவிக்குக் கை நீட்டினான்.

மீன்பெட்டிகளை றோட்டில் இறக்கினோம். அவன் ஓட்டிப்போன பிக்கப் கண்ணுக்கு மறையும்வரை பார்த்து நின்றேன். சனியன், ஓரிடத்திலும் நிற்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பூட்டியிருந்தேன்.